உடம்பு சரியில்லையாம்: ஜார்ஜ் ஸ்டோவி என்ற பந்து எறிகாரர்

எங்கள் ஊரில் பொங்கலுக்கு டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி நடக்கும். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பத்தாவதில் ஃபெயிலாகிவிட்டு செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் மாதிரி வேகமாகப் பந்து போடுகிறவன் சுத்துப்பட்டில் எவனும் இல்லை. ஊர்த்தெருப் பையன்களின் டீமில் காலனிக்காரன் அவன் ஒருத்தன்தான். ஜெயிக்க வேண்டுமே, அதனால் சேர்த்திருந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு வந்த வெளியூர் டீம்காரர்கள் அண்ணனைப் பார்த்ததும், இவன் இறங்கினால் நாங்கள் வண்டி ஏறுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கேப்டன் அண்ணனைத் தனியே கூட்டிப்போய், "காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான். அண்ணன் வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உடம்பு சுடலையேடா" என்றாள். கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவன் பெயரைச் சொல்லி, உடல்நலக் குறைவால் இன்று ஆடவில்லை என்று அறிவித்தார்கள். காலனி வரைக்கும் கேட்டது.

ரொம்ப வருசம் கழித்து எம்.ஏ. படிக்கும்போது, கறுப்பின மக்களின் எழுத்துகளைத் தேடிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், அமெரிக்க பேஸ்பால் வரலாறு ஒன்றில் இதே அறிவிப்பைப் படித்தேன். ஆள் வேறு, தேசம் வேறு, நூறு வருசத்துக்கு மேல் இடைவெளி. அறிவிப்பு மட்டும் அதேதான். அந்த ஆளின் பெயர் ஜார்ஜ் ஸ்டோவி. அவரைப் பற்றித் தமிழில் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவர் மாதிரி அதில் பந்து எறிகிறவருக்குப் பிட்ச்சர் என்று பெயர். ஓடிவந்து தரையில் குத்தி எழும்ப வீசுவது அதில் கிடையாது. நின்ற இடத்திலிருந்து நேராக, தரையில் படாமல் எறிய வேண்டும். மட்டை பிடித்தவருக்குப் பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிக்கிறவர் கேட்ச்சர். இந்த இரண்டு பேரையும் சேர்த்து 'பேட்டரி' என்பார்கள். ஆட்டத்தின் உயிரே இவர்களிடம்தான். ஒருவர் சைகை காட்ட, இன்னொருவர் அதன்படி எறிய வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பாமல் இந்த வேலை நடக்காது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்டோவி 1866ல் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரத்தில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1865 டிசம்பரில். ஆக, அடிமைமுறை சட்டப் புத்தகத்தை விட்டுப் போன அடுத்த வருசத்துப் பிள்ளை அவர். சட்டப் புத்தகத்தை விட்டுப் போனது மனசை விட்டுப் போய்விடுமா? 1867 அக்டோபரில் பிலடெல்பியாவின் கறுப்பின பேஸ்பால் கழகமான பித்தியன்ஸ், மாநிலச் சங்கத்தில் சேர விண்ணப்பம் கொடுத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஆக்டேவியஸ் காட்டோ. ஆசிரியர், போராளி. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி நயமாகச் சொல்லி அனுப்பினார்கள். அதே டிசம்பரில் தேசிய பேஸ்பால் சங்கம், கறுப்பர் ஒருவர் இருந்தாலும் அந்தக் கழகத்தைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. காட்டோ 1871 அக்டோபர் 10ந் தேதி, கறுப்பர்கள் ஓட்டுப் போடப் போன தேர்தல் நாளன்று, தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். விளையாட்டையும் ஓட்டுரிமையையும் அவர் தனித்தனியாகப் பார்த்ததில்லை. அவரைக் கொன்ற கூட்டமும் பார்க்கவில்லை.

அந்தச் சங்கம் 1870களின் தொடக்கத்தில் கலைந்தது. அதன் இடத்துக்குச் சம்பள ஆட்டம் வந்தது. அங்கங்கே சில சிறிய லீகுகளில் கறுப்பர்கள் நுழைய முடிந்தது. காரணம் பெருந்தன்மை இல்லை. ஜெயித்தால்தான் டிக்கெட் விற்கும், அவ்வளவுதான்.

1885ல் நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலேண்டில், பாபிலோன் என்ற ஊரின் ஆர்கைல் ஓட்டலில், கறுப்பினப் பணியாளர்களைக் கொண்டு ஒரு டீம் உருவானது. சம்பளத்துக்கு ஆடிய முதல் கறுப்பின அணி அதுதான். பெயர் க்யூபன் ஜயன்ட்ஸ். அதில் க்யூபாக்காரர் யாரும் இல்லை. அமெரிக்கக் கறுப்பர் என்று சொல்லிக்கொண்டால் மதிக்க மாட்டார்கள், வேறு தேசத்துக்காரர் என்றால் கொஞ்சம் மதிப்பார்கள். ஊர் மாறி வேலைக்குப் போகிற இடத்தில் 'என்ன ஆளுங்க' என்ற கேள்விக்குப் பதில் தேடித் தடுமாறிய நமக்கு இந்தப் பெயர் மாற்றத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வருசம் இந்த அணி நியூ ஜெர்சியின் ட்ரென்டன் நகரத்தில் நிலைகொண்டது. பிட்ச்சருக்கும் கேட்ச்சருக்கும் வாரம் 18 டாலர், உள்வட்டத்தில் நிற்கிறவர்களுக்கு 15, வெளிவட்டத்தில் நிற்கிறவர்களுக்கு 12 என்று சம்பளக் கணக்கை அந்தக் காலத்து ஆட்டக்காரரான சோல் வொயிட் எழுதி வைத்திருக்கிறார்.

1886ல் இருபது வயது ஸ்டோவி இந்த அணிக்கு எறிய வந்தார். இடது கைக்காரர். ஜூன் மாதத்துக்குள் பக்கத்து நகரமான ஜெர்சி சிட்டியின் வெள்ளையர் அணி அவரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. ஈஸ்டர்ன் லீகில் அந்த அணிக்காக அவர் 16 ஆட்டம் ஜெயித்தார், 15 தோற்றார். பாதிக்குப் பாதிதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு பிட்ச்சர் தன் எறியால் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு எத்தனை ஓட்டம் கொடுக்கிறார் என்று ஒரு கணக்கு உண்டு. ஸ்டோவியின் கணக்கு 1.13. இரண்டுக்குக் கீழே வந்தாலே அபூர்வம். அவர் எறிந்தது சரியாகத்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவர்கள் பந்தைப் பிடிக்கவும் ஓட்டம் எடுத்துக் கொடுக்கவும் வேண்டும் அல்லவா?

1887ல் நெவார்க் அணி அவரை எடுத்துக்கொண்டது. இன்டர்நேஷனல் லீக், உச்சியில் இருந்த பெரிய லீகுகளுக்கு ஒரு படி கீழே. அங்கே அவருக்குக் கேட்ச்சராக வந்தவர் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். படித்தவர், ஓபர்லின் கல்லூரி மாணவர். 1884ல் டொலிடோ அணிக்காகப் பெரிய லீகிலேயே ஆடியவர். அங்கே அவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். டொலிடோவின் பிட்ச்சர் டோனி முல்லேன், தான் பார்த்ததிலேயே சிறந்த கேட்ச்சர் வாக்கர்தான் என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அதே வாயால், ஒரு கறுப்பரிடமிருந்து சைகை வாங்கப் பிடிக்காமல் தன் இஷ்டத்துக்கு எறிந்ததையும் சொன்னார். எந்தப் பந்து எப்படி வருமென்று தெரியாமல், அந்தக் காலத்து மெல்லிய கையுறையை மாட்டிக்கொண்டு அதைப் பிடிக்க வேண்டியவர் வாக்கர். விரல் போனால் யாருக்குப் போகும்? 'இவனைவிட நல்லவன் இல்லை, ஆனால் இவன் சொல்லி நான் கேட்பதா?' இந்த ஒரே வாக்கியத்தில் நம் அலுவலகங்கள் எத்தனை அடங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நெவார்க்கில் வாக்கர் சைகை காட்டினார், ஸ்டோவி எறிந்தார். வெள்ளையர் நடத்திய தொழில்முறை லீகில் பிட்ச்சரும் கேட்ச்சரும் இரண்டு பேருமே கறுப்பராக இருந்தது அதுவே முதல் தடவை. 1887ன் விதிகள் பிட்ச்சருக்கு ரொம்பவும் பாதகமானவை. மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் என்று இருந்ததை அந்த ஒரு வருசம் மட்டும் நான்காக்கினார்கள். அந்த விதிகளோடு ஸ்டோவி அந்த சீசனில் 33 ஆட்டங்களுக்குக் குறையாமல் ஜெயித்தார். அந்த லீகின் வரலாற்றில் ஒரே சீசனில் அதைவிட அதிகமாக ஜெயித்த பிட்ச்சர் பிறகு வரவேயில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி அந்த லீகின் மற்ற மைதானங்களையும் பார்க்கலாம். அந்த வருசம் ஐந்தாறு அணிகளில் ஏழெட்டுக் கறுப்பர்கள் ஆடினார்கள். சிரக்யூஸ் அணியின் பிட்ச்சர் ராபர்ட் ஹிக்கின்ஸ். மே 25ந் தேதி டொரன்டோவில் அவர் எறிந்தபோது, சொந்த அணிக்காரர்களே பந்தை வேண்டுமென்றே தவறவிட்டு 28க்கு 8 என்று தோற்க வைத்தார்கள். பிறகு அணியின் புகைப்படம் எடுக்கும்போது இரண்டு பேர் ஹிக்கின்சோடு உட்கார மாட்டோம் என்று போய்விட்டார்கள். பிங்ஹாம்டன் அணியில் பட் ஃபௌலர். கூப்பர்ஸ்டவுன் ஊரில் வளர்ந்தவர், 1878லேயே சம்பளத்துக்கு ஆடியவர், அந்த வகையில் முதல் கறுப்பர். அவரையும் இன்னொரு கறுப்பரையும் நீக்காவிட்டால் ஆட மாட்டோம் என்று அவருடைய அணிக்காரர்கள் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டுத் தந்தி கொடுத்தார்கள். ஃபௌலர் போக வேண்டியதாயிற்று. அவர் காலைக் குறிவைத்து, ஆணி அடித்த பூட்ஸோடு பாய்ந்தவர்களிடமிருந்து தப்ப, முழங்காலுக்குக் கீழே மரச்சட்டம் கட்டிக்கொண்டு ஆடினாராம். ஆட்டத்தில் தோற்கடிக்க முடியாதவனை வேறு எப்படித் தோற்கடிப்பது என்பதற்கு இதெல்லாம் பாடம்.

இப்போது ஜூலை 14க்கு வருகிறேன். 1887, வியாழக்கிழமை. சிகாகோ வொயிட் ஸ்டாக்கிங்ஸ் அணி நெவார்க்கோடு காட்சி ஆட்டம் ஆட வருகிறது. நேஷனல் லீகின் ஜாம்பவான் அணி. அதன் தலைவர் கேப் ஆன்சன், அன்றைக்கு நாட்டிலேயே பெயர்பெற்ற மட்டையாளர். இந்த ஆன்சன் 1883 ஆகஸ்டில் டொலிடோவுக்கு வந்து, வாக்கர் இறங்கினால் ஆட மாட்டேன் என்றவர். வசூல் பங்கு கிடைக்காது என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு ஆடினார். நான்கு வருசம் கழித்து அவருடைய பலம் கூடியிருந்தது. நெவார்க்கில் அன்று எறிய வேண்டியவர் ஸ்டோவி. அவர் வரவில்லை. வாக்கரும் ஆடவில்லை. ஸ்டோவிக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி. நெவார்க் 9க்கு 4 என்று ஜெயித்துவிட்டது.

அந்த வாரமே உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று விஷயத்தைப் போட்டு உடைத்தது. ஸ்டோவி கோபித்துக்கொண்டு வராமலிருக்கிறார் என்று மைதானத்தில் அறிவித்தார்கள், ஆனால் கறுப்பர் ஆடக்கூடாது என்று ஆன்சன் மறுத்ததுதான் காரணம் என்று இப்போது சொல்லப்படுகிறது. இது உண்மையாக இருந்து, கூட்டத்துக்கும் தெரிந்திருந்தால், ஆன்சன் மட்டை பிடிக்க வந்தபோது கிடைத்த கைதட்டலுக்குப் பதிலாகச் சீழ்க்கையும் கூச்சலும்தான் கிடைத்திருக்கும். அந்தச் செய்தியின் சாரம் இதுதான். கவனியுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு காரணம். ஒன்று, உடம்பு சரியில்லை. இன்னொன்று, கோபம். நம்ம பாஷையில் சொன்னால் திமிர். விலக்கியவன் பெயர் எந்த அறிவிப்பிலும் இல்லை. விலக்கப்பட்டவனின் உடம்பும் குணமும்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன.

அதே நாளில், அதே ஜூலை 14ந் தேதி, இன்டர்நேஷனல் லீகின் நிர்வாகிகள் பஃபலோ நகரத்தில் கூடினார்கள். கறுப்பர்கள் இருப்பதால் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் லீகை விட்டுப் போக நினைக்கிறார்கள் என்று பேசி, இனி கறுப்பர்களோடு புதிய ஒப்பந்தம் எதையும் அங்கீகரிக்க வேண்டாம் என்று செயலாளருக்கு உத்தரவிட்டார்கள். நன்றாகக் கவனிக்க வேண்டும். இருக்கிறவர்களை வெளியே போ என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சத்தம் வரும். புதிதாக யாரும் வேண்டாம் என்றால் போதும், இருக்கிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக உதிர்ந்துவிடுவார்கள். அப்படியே நடந்தது. சீசன் முடிந்ததும், லீகிலேயே அதிக வெற்றி வாங்கித் தந்த ஸ்டோவியை நெவார்க் விடுவித்துவிட்டது. வாக்கர் சிரக்யூஸுக்குப் போய் 1889 வரை ஆடினார். அவருக்குப் பிறகு அந்த லீகில் கறுப்பர் இல்லை. பெரிய லீகுகளிலோ எழுதின விதி எதுவுமே கிடையாது. கனவான்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது என்று அதற்குப் பெயர். நம் ஊரில் டீக்கடைகளில் இரண்டு கிளாஸ் வைப்பதற்கு எந்த விதிப் புத்தகம் இருந்தது?

நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி ஸ்டோவியை வாங்க இருந்ததாகவும், பேச்சு முடியும் தறுவாயில் ஆன்சன் போட்ட கூச்சலால் அது நின்றதாகவும் சோல் வொயிட் 1907ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் எழுதுகிறார். கறுப்பின பேஸ்பாலுக்கு ஒரு கறுப்பரே எழுதிய முதல் வரலாறு அது. அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி இல்லை. 1888 மார்ச்சில் வாக்கரின் தம்பி வெல்டி வாக்கர், இன்னொரு லீக் கறுப்பரை விலக்கியபோது, அதன் தலைவருக்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் வந்தது. ஒருவனை விலக்குவதானால் ஆடத் தெரியாததற்காகவோ நடத்தைக்காகவோ விலக்குங்கள், நிறத்துக்காக விலக்காதீர்கள் என்று கேட்டிருந்தார். பதில் வந்ததா என்பது இருக்கட்டும். கேட்டார் என்பதுதான் நமக்கு முக்கியம்.

நெவார்க்குக்குப் பிறகு ஸ்டோவி வூஸ்டர் அணியில் கொஞ்ச நாள், மறுபடி க்யூபன் ஜயன்ட்ஸ், 1891ல் கோரம்ஸ் என்று ஊர் ஊராகப் போய் எறிந்தார். 1890களின் பிற்பகுதியோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. சொந்த ஊர் வில்லியம்ஸ்போர்ட்டுக்குத் திரும்பி, கூலி வேலை செய்தும் உள்ளூர் ஆட்டங்களில் அம்பயராக நின்றும் காலம் தள்ளினார். 1936ல் அங்கேயே வறுமையில் இறந்தார். மூன்று வருசம் கழித்து, 1939ல், அதே வில்லியம்ஸ்போர்ட்டில்தான் சிறுவர்களுக்கான 'லிட்டில் லீக்' பேஸ்பால் தொடங்கியது. இன்றைக்கு உலகம் பூராவும் இருந்து பிள்ளைகள் அங்கே ஆட வருகிறார்கள். அதே 1939ல் ஆன்சனை பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் ஏற்றினார்கள். அந்த மண்டபம் இருப்பது ஃபௌலர் வளர்ந்த கூப்பர்ஸ்டவுனில். சோல் வொயிட்டுக்கு அங்கே 2006ல்தான் இடம் கிடைத்தது, ஃபௌலருக்கு 2022ல். ஸ்டோவிக்கு இன்னும் இல்லை.

ஆன்சனைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 1888-89ல் சிகாகோ அணியும் இன்னொரு அணியும் உலகம் சுற்றி பேஸ்பால் ஆடிக் காட்டின. 1889 ஜனவரியில் கொழும்புக்கும் வந்து ஆடினார்கள். அவர்களோடு க்ளாரன்ஸ் டுவால் என்ற கறுப்பின இளைஞரும் போனார். ஆட அல்ல. முன்னால் ஆடிப்பாடி வேடிக்கை காட்ட. கெய்ரோ ரயில் நிலையத்தில் அவர் முகத்தில் கேட்ச்சரின் முகமூடியை மாட்டி, கயிறு கட்டி, குரங்கு மாதிரி இழுத்துப்போய்ச் சிரித்தார்கள். கறுப்பர் பக்கத்தில் நிற்பதே ஆன்சனுக்குப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்னால் நின்று வேடிக்கை காட்டலாம், எதிரே நின்று பந்து எறியக் கூடாது. சாமி ஊர்வலத்துக்கு முன்னால் பறை அடிக்க நாம் வேண்டும், வடம் பிடிக்க மட்டும் கூடாது என்பது இதுதானே?

மகாத்மா பூலே 1873ல் தன் 'குலாம்கிரி' நூலை, கறுப்பர்களை அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அவர் உயிரோடு இருக்கும்போதே, பதினாலு வருசத்தில், அதே தேசம் ஓர் எறிகாரரின் கையை இப்படிக் கட்டிப் போட்டது. பூலே ஏமாந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டம் விடுதலை கொடுத்த பிறகு வேறு வழியில் அது பறிக்கப்படும் என்பதை நாம் மறக்கக் கூடாது என்கிறேன்.

அந்த வருசங்களில்தான் நம்முடைய பல்வங்கர் பாலு வளர்ந்தார். 1876ல் பிறந்தவர், சமார் சாதி, அவரும் இடது கைக்காரர். பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மாதம் நாலு ரூபாய்க்கு மைதானம் கூட்டி, உருளை இழுத்து, அவர்கள் பயிற்சி எடுக்கப் பந்து வீசினார். இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். டீ மட்டும் அவருக்கு வெளியே, மண் குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவருக்கு இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி கடைசி வரை தரப்படவேயில்லை. அமெரிக்காவில் ஆளை வெளியே தள்ளினார்கள். இங்கே உள்ளே வைத்துக்கொண்டே தள்ளிவைத்தார்கள்.

தகுதி, திறமை என்று நம்மிடம் பேச வருகிறவர்களிடம் ஸ்டோவியின் கணக்கை எடுத்துப் போடலாம். 33 வெற்றி. இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? தகுதி இல்லாததால் விலக்கவில்லை. தகுதி இருந்ததால்தான் விலக்கினார்கள். தோற்றுக்கொண்டே இருந்திருந்தால் அவரை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

மூடிய கதவு திறக்க ஐம்பத்தேழு வருசம் ஆனது. 1946 ஏப்ரல் 18ந் தேதி ஜாக்கி ராபின்சன் மாண்ட்ரியல் அணிக்காக இறங்கினார். அதே இன்டர்நேஷனல் லீக். ஆட்டம் நடந்தது, ஸ்டோவி அறுபது வருசத்துக்கு முன்னால் எறிந்த அதே ஜெர்சி சிட்டியில். அன்றைக்கு ராபின்சன் நாலு முறை அடித்தார், அதில் ஒன்று ஹோம் ரன். அடுத்த வருசம் பெரிய லீகுக்குப் போனார். முதல் கறுப்பர் என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் அவருக்கு முன்னால் யாருமே தகுதியாக இல்லை என்று அதற்கு அர்த்தமாகிவிடக் கூடாது. 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான கறுப்பின லீகுகளையும் பெரிய லீகுகளாக ஏற்பதாக அமெரிக்கப் பேஸ்பால் நிர்வாகம் அறிவித்தது. ஸ்டோவியின் காலம் அதற்கும் முந்தியது. அந்தக் கணக்குக்கும் அவர் வெளியேதான்.

அண்ணனுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. தோள்பட்டை வலிக்கிறது என்கிறான், சூளையில் கல் சுமந்த தோள். போன பொங்கலுக்கு அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "அன்னைக்கு நெசமாவே காய்ச்சல்தான்டா" என்றான். இத்தனை வருசம் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது உண்மையாகிவிட்டதா, அல்லது தம்பி முன்னால் தலைகுனியக் கூடாது என்று சொல்கிறானா, எனக்குத் தெரியவில்லை. நான் மேலே கேட்கவில்லை.

நெவார்க்கில் ஒரு பத்திரிகைக்காரர் எழுதி வைத்தார், சோல் வொயிட் எழுதி வைத்தார். அதனால் ஸ்டோவிக்குக் காய்ச்சல் இல்லை என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. நம் ஊர்களில் இப்படிக் காய்ச்சல் வந்தவர்கள் எத்தனை பேர்? கபடியில், கைப்பந்தில், மேளத்தில், படிப்பில்? அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள். பெயரோடும் வருசத்தோடும் எழுதி வையுங்கள். அவர்கள் வாயாலேயே காய்ச்சல்தான் என்று சொன்னால், அதையும் அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் அம்மா சொன்னதையும் எழுதுங்கள்.